திரும்பத் திரும்பக் கேட்கப்படும் மென்பொருள் சந்தேகங்கள்: ஒரு சிறு நிறுவனக்காரரின் பதில்கள்

இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் எழுதி, விற்று, அதிலிருந்து சம்பளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிறிய நிறுவனம், மொத்தம் பதினெட்டுப் பேர். பார்க்கிறவர்கள் கேட்பது ஏறக்குறைய இதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். மாணவர்கள் ‘சார்’ என்று ஆரம்பிப்பார்கள், வேலையில் இருப்பவர்கள் ‘அண்ணா’ என்பார்கள், உள்ளே இருக்கும் பயம் ஒன்றுதான். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டுவைத்திருக்கிறேன்.

சார், முதல்ல எந்த லாங்குவேஜ் கத்துக்கணும்?

பைத்தான். தொடங்குவது எளிது, தடுக்கி விழுந்தால் கேட்க ஆட்கள் நிறைய. இந்தக் கேள்விக்கு ஒரு நாளுக்கு மேல் செலவழிக்காதீர்கள். கூடவே, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லையும் படித்துவிடுங்கள். 1970களில் ஐபிஎம்மில் பிறந்தது அது. ‘இனி இதற்கு வேலையில்லை’ என்று சொன்ன பல தொழில்நுட்பங்களை வழியனுப்பிவிட்டு, இன்றும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு கணக்கு வீக். ஐடி செட் ஆகுமா?

பெரும்பாலான வேலைக்குப் பள்ளிக்கூடக் கணக்கே தாராளம். இயந்திரக் கற்றல், கிராபிக்ஸ், குறியாக்கம் போன்ற துறைகளுக்குப் போனால்தான் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது ஒருவிதமான உறுத்தல். கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள். பல மொழிகளில் 0.30000000000000004 என்று விடை வரும். பத்தடிமான முறையில் மூன்றில் ஒரு பங்கை முடிவாக எழுத முடியாத மாதிரி, இரண்டடிமான முறையில் 0.1ஐ முடிவாக எழுத முடியாது. அதனால் வரும் மிச்சம் அது.

இதைப் பார்த்துவிட்டு ‘சரி, ரவுண்டு பண்ணிக்கலாம்’ என்று நகர்கிறவரும் பிழைத்துக்கொள்வார். ‘அதெப்படி?’ என்று ராத்திரி தூக்கம் கெட்டவர் நன்றாகவே பிழைத்துக்கொள்வார். கணக்கு மார்க்குக்கும் இதற்கும் அதிகச் சம்பந்தமில்லை.

ஏஐயே கோடு எழுதிடுதே. இனிமே நாம எதுக்குண்ணா?

எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சந்தாதாரர்களுக்கு மாதாமாதம் பில் போடும் ஒரு நிரல். பழையதை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஏஐ உதவியோடு ஒரே மதியத்தில் முடித்துவிட்டோம். சோதனைகளையும் அதுவே எழுதித் தந்தது, எல்லாம் பச்சை விளக்கு. ஜனவரி போனது, பிப்ரவரி போனது, யாரும் எதுவும் சொல்லவில்லை. மார்ச்சில் கணக்கை ஒப்பிட்டபோது பிப்ரவரி வரவு கொஞ்சம் இடித்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன ஒரு பெண் அதை விடவில்லை. வரிசை வரிசையாகப் பிரித்துப் பார்த்து, 31ஆம் தேதி சேர்ந்த யாருக்கும் பிப்ரவரி பில் போகவில்லை என்று கண்டுபிடித்தார். ஜனவரி 31இல் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரி 31. அப்படி ஒரு தேதி கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிழை என்று சொல்லாமல், நைசாக மார்ச் 3க்குத் தள்ளிவிடும். பில் வரவில்லையே என்று எந்த வாடிக்கையாளர் போன் செய்வார்?

கருவியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மனிதர்களும் இதே தப்பைக் காலகாலமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் எழுதியதும் சோதித்ததும் ஒரே மூளை. அடுத்து வரவேண்டிய சொல் எது என்று கணித்துக் கணித்துக் கோக்கும் இயந்திரம் அது. ‘பிப்ரவரியில் என்ன ஆகும்?’ என்று யாராவது கேட்டிருந்தால் சரியாகவே பதில் சொல்லியிருக்கும். கேட்பதற்குத்தான் அன்று ஆள் இல்லை.

நிரல் எழுதுவதை மலிவாக்கும் முயற்சி புதிதும் அல்ல. அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் 1952இல் ஏ-0 என்ற கம்பைலரை (எழுதியதைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் நிரலை) உருவாக்கினார். 1959இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் மொழி (நம் காதுக்கு யாரோ பெரியவர் பெயர் மாதிரி இருக்கும்) ஆங்கில வாக்கியம் போலவே இருப்பதால் கணினி தெரியாத அதிகாரியும் படித்துப் புரிந்துகொள்வார் என்று நம்பினார்கள். நடந்தது வேறு: எழுதுவது மலிவானதும், எழுத வேண்டியது பெருகியது. இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் முதல் படிக்கட்டிலேயே கைவைத்திருக்கிறார்கள். அது அடுத்த கேள்வி.

அப்போ ஃப்ரெஷருக்கு வேலையே கிடையாதா சார்?

குறைந்திருக்கிறது. பொய் சொல்லித் தேற்ற விரும்பவில்லை. முன்பு புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்த சில்லறை வேலைகளை, அதாவது ஒரு படிவம், ஒரு அறிக்கை, நாலு சோதனைகள் போன்றவற்றை, இப்போது மூத்தவர் ஒருவர் ஏஐயை வைத்துக்கொண்டே முடித்துவிடுகிறார். அந்தச் சில்லறை வேலையில்தான் நாங்கள் எல்லோரும் தொழில் கற்றோம் என்பது வேறு விஷயம்.

நான் ஆள் எடுக்கும் முறையை மாற்றிவிட்டேன். புதிர்க் கணக்கெல்லாம் இல்லை. இருநூறு வரி நிரல் ஒன்றைக் கொடுப்பேன். முதல் தடவை ஓடும், இரண்டாம் தடவை ஓடாது. ஒரு மணி நேரம். ஏஐ உட்பட எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பிழைச் செய்தி நாற்பது வரிக்கு வரும். நடுவில் ஒரு வரி, ‘கோப்பு ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்லும். பலர் நாற்பது வரியையும் அப்படியே அள்ளி ஏஐயிடம் கொட்டுவார்கள். அது அனுமதியை மாற்று என்னும், மாற்றுவார்கள். லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை) புதுப்பி என்னும், புதுப்பிப்பார்கள். அரை மணியில் நான் கொடுத்த நிரலே அடையாளம் தெரியாமல் போயிருக்கும். ஒரு பையன் மட்டும் செய்தியை முணுமுணுத்துக்கொண்டே வாசித்தான். நிமிர்ந்து, “சார், முதல் தடவை ஓடினப்போ இது எதையாவது விட்டுட்டுப் போச்சா?” என்றான். நிரல் பாதியில் நிற்கும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை அழிக்காமல் விடும். பிழை அதுதான். மீதி நேரத்தை அவனோடு பேசிக் கழித்தேன், அடுத்த வாரம் சேர்ந்துவிட்டான்.

ஆகவே, அடுத்தவர் எழுதியதைப் படிக்கப் பழகுங்கள். தினம் ஒரு பக்கம் போதும்.

ஓப்பன் சோர்ஸ்ல வேலை பார்த்தா காசு வருமா? இல்லன்னா எதுக்கு?

யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றும்படி திறந்துவைத்த நிரல்களில் வேலை பார்த்து நேரடியாகக் காசு வருவது அபூர்வம். எதற்கு என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தவருக்கு, தொலைவிலுள்ள கணினியைத் திறக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய அரை வினாடி கூடுதலாக ஆவது கண்ணில் பட்டது. அரை வினாடி! நானாக இருந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறந்திருப்பேன். அவர் நூல் பிடித்துப் போய், எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டுக் கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். லினக்ஸ் என்ற இயக்க அமைப்பின் பல பதிப்புகளுக்குள் நிரந்தரமாகக் குடியேறும் முன்பே அது பிடிபட்டது.

கதவு வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து, அந்த லைப்ரரியை ஏறக்குறைய தனியாளாகத் தாங்கிக்கொண்டிருந்த தன்னார்வலரின் நம்பிக்கையைச் சம்பாதித்தவர். உலகத்தின் சர்வர்கள் பல இப்படி ஒற்றை ஆள் தோளில் நிற்கின்றன. அந்தத் தோளுக்குப் பக்கத்தில் போய் ஆறு மாதம் நின்று பாருங்கள், எந்தக் கோர்ஸிலும் கிடைக்காதது கிடைக்கும். முந்தைய பதிலில் வந்த பையன் அந்த வாசிக்கும் பழக்கத்தை அப்படித்தான் பழகியிருந்தான்.

அஞ்சு வருஷமா ஒரே கம்பெனி. மாறணுமாண்ணா?

சம்பளத்துக்காக என்றால் மாறுங்கள். இருக்கிற இடத்தில் உயர்வதைவிடத் தாவும்போது அதிகம் கிடைக்கும், இது ஊரறிந்த ரகசியம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த ஒரு முடிவு மூன்று வருடம் கழித்து உங்களையே கடிப்பதை ஒரு தடவையாவது அனுபவித்திருக்க வேண்டும். பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை தாவுகிறவருக்கு அது வாய்ப்பதேயில்லை. கடி வாங்குகிறவர் அவருக்குப் பிறகு வந்தவர்.

லேஆஃப்ல என் பேர் வந்துடுச்சு. நான் அவ்வளவு மோசமாவா வேலை பார்த்தேன்?

பெரும்பாலும் இல்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை வேலையைவிட்டு அனுப்பியது. அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று அறிவித்தன. இத்தனை ஆயிரம் பேர் திடீரென்று ஒரே காலத்தில் திறமை இழந்தார்கள் என்றால் நம்ப முடியுமா? பெருந்தொற்றுக் காலத்தில் வாரி வாரி ஆள் எடுத்தார்கள். 2022 மார்ச்சில் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருந்த அமெரிக்க வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏறியது. கடன் இலவசமாகக் கிடைத்தபோது ‘எதிர்கால முதலீடு’ என்று பெயர் வாங்கிய குழுக்கள், வட்டி ஏறியதும் ‘செலவு’ ஆகிவிட்டன. செய்திகளில் அதிகம் அடிபடாத இன்னொன்று: மென்பொருள் உருவாக்கச் செலவை அதே ஆண்டு வருமானத்திலேயே கழித்துக்கொள்ள விட்டுவந்த அமெரிக்க வரிச் சட்டம், 2022 முதல் அதை உள்நாட்டு வேலைக்கு ஐந்து ஆண்டுகளிலும் வெளிநாட்டு வேலைக்குப் பதினைந்து ஆண்டுகளிலும் பரப்பச் சொன்னது. உள்நாட்டுக்கான பழைய சலுகை 2025இல்தான் திரும்பியது.

நானும் நான்கு பேரை அனுப்பியவன்தான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினார். புதியவர் வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டு மூன்று மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பதற்றம் பரவக் கூடாது என்பது என் நியாயம். கடைசியில் சொன்னபோது அவர்களில் ஒருவர் கேட்டார்: “மூணு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் வீட்டுக் கடன் எடுத்திருக்க மாட்டேனே?” அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இப்போது கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

சொந்தமா ஆரம்பிக்க எவ்வளவு பணம் வேணும்?

தொகையாகக் கணக்கிடாதீர்கள், மாதமாகக் கணக்கிடுங்கள். மூன்று மாதம் வேலை செய்து முடிக்கிறீர்கள், பில் அனுப்புகிறீர்கள், ஒப்பந்தப்படி அறுபது நாளில் பணம். அதற்குள் ஐந்து மாதச் சம்பளம் உங்கள் கையிலிருந்து போயிருக்கும், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஏட்டில் லாபம் காட்டிக்கொண்டே சம்பள நாளில் கைபிசைந்து நிற்பது இப்படித்தான். ஒன்பது மாதச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள் என்பது என் கணக்கு.

ஒரே வாடிக்கையாளர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள். முந்தைய பதிலில் சொன்ன நான்கு பேர் கதை, இந்த விதியை நான் மீறியதால் வந்தது.

இன்வெஸ்டர் காசு வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம், காகிதத்தைப் படித்துவிட்டு. ஓர் எளிய கணக்கு. முதலீட்டாளர் 40 கோடி போட்டு நிறுவனத்தில் 40 சதவீதம் எடுக்கிறார். உங்களுக்கு 50 சதவீதம், ஊழியர்களுக்கு 10. பிறகு நிறுவனம் 50 கோடிக்கு விற்கப்படுகிறது. பாதி நமக்கு, 25 வரும் என்று கனவு காண்பீர்கள். போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை ஷரத்து ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அவர் 40ஐ எடுத்துக்கொள்வார். மிச்சம் 10ஐ நீங்களும் ஊழியர்களும் பிரித்தால் உங்களுக்கு எட்டுச் சொச்சம். யாரும் ஏமாற்றவில்லை. இருபதாம் பக்கத்தில் எழுதியிருந்தது, நீங்கள் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொன்று, முதலீட்டாளர்களின் நிதிக்குப் பெரும்பாலும் பத்து வருட ஆயுள். பத்தில் ஓரிரண்டு நிறுவனம்தான் மற்றவற்றின் நஷ்டத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஆகவே ‘நிதானமாக வளர்கிறேன்’ என்பது அவர்கள் காதில் கெட்ட செய்தி. வாங்கிய பணத்தை ஒரே வங்கியில் வைக்கவும் வேண்டாம். 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் மொய்த்ததில், மறுநாள் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. லேஆஃப் பதிலில் சொன்ன அதே வட்டி உயர்வுதான், அந்த வங்கி வாங்கி வைத்திருந்த நீண்டகாலக் கடன் பத்திரங்களின் மதிப்பைத் தின்றிருந்தது.

ஆளைக் கூட்டினா சீக்கிரம் முடியாதா?

பெரும்பாலும் முடியாது, ஆள் கூடக் கூடப் பேச்சும் கூடும். மூன்று பேர் என்றால் பேச வேண்டிய ஜோடிகள் மூன்று. பத்துப் பேர் என்றால் நாற்பத்தைந்து. 2012இல் ஃபேஸ்புக் நூறு கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டபோது இன்ஸ்டாகிராமில் இருந்தது பதின்மூன்று பேர்.

ஒரு அப்டேட்டால உலகமே நின்னுச்சே, அவ்வளவு பெரிய கம்பெனியில எப்படி அப்படி ஆகும்?

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய அமைப்புக் கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. விமானங்கள் கிளம்பவில்லை, மருத்துவமனைகள் தடுமாறின. காரணத்தைக் கேட்டால் வயிறு கலங்கும்: புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்தது. இயக்க அமைப்பின் கருவறைக்குள் ஓடும் நிரல் என்பதால் தான் மட்டும் விழாமல் கணினியையே இழுத்துக்கொண்டு விழுந்தது.

78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் பலவற்றுக்கு ஒருவர் நேரில் போய், பாதுகாப்பு முறையில் இயக்கி, கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. பிழை எல்லோருக்கும் வரும். என் பிப்ரவரி 31 போல. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதுதான் விபத்தைப் பேரழிவு ஆக்கியது. எங்கள் அலுவலகத்தில் எந்த மாற்றமும் முதலில் நூற்றில் ஒருவருக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் யாருக்குமே போகாது.

சிப் தடை, நாடுகள் சண்டைன்னு நியூஸ் வருது. நமக்கு என்ன வந்தது?

மிக நுண்ணிய சில்லுகளைப் பொறிக்கும் ஈயுவி இயந்திரத்தை உலகில் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே. அதை வைத்து முன்னணிச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது தைவானின் டிஎஸ்எம்சி. 2022 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கான சில்லு ஏற்றுமதியை இறுக்கியது. இத்தனை குறுகிய சந்தில் வண்டி போகிறது என்பதுதான் உங்கள் மேகக்கணி (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினி) வாடகை வரை வந்து சேரும் செய்தி.

நம்மால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நாளைக் காலை ஒரு சேவை உங்கள் நாட்டுக்கு இல்லை என்றால் தரவை வெளியே எடுக்க முடியுமா? வருடத்துக்கு ஒருநாள் உண்மையிலேயே எடுத்து, வேறிடத்தில் ஏற்றிப் பாருங்கள். முதல் தடவை எங்களால் முடியவில்லை.

ஏஐ எல்லாம் நீர்க்குமிழியா? உடைஞ்சிடுமா?

விலைகள் விழலாம், பயன்பாடு விழாது என்பது என் கணிப்பு. இணைய நிறுவனப் பங்குகள் பொங்கிய 2000 மார்ச்சில் 5,048ஐத் தொட்ட அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,114க்கு வந்தது. பழைய உயரத்தைத் தாண்ட 2015 ஆனது. ஆனால் அந்தப் பைத்தியத்தில் புதைத்த ஒளியிழைகள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன, அடுத்து வந்தவர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கி இணையத்தை ஓட்டினார்கள். இந்தத் தடவை பணம் கொட்டுவது பெருமளவு ஜிபியுக்களில், அதாவது ஏஐயை ஓட்டும் சில்லுகளில். ஒளியிழை பல பத்தாண்டுகள் தாங்கும், ஜிபியு சில வருடங்களில் பழசாகிவிடும். அதனால்தான் ‘உடைந்தாலும் மிச்சம் நமக்கு’ என்று ஆறுதல் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்றைய ஏஐ விலையை நிரந்தரம் என்று நம்பித் தொழில் தொடங்குகிறவர்கள், அது மூன்று மடங்கானால் கணக்கு நிற்குமா என்று ஒருதரம் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சொல்றீங்களே, நீங்க சொல்லித் தப்பாப் போனது உண்டா?

ஏராளம். மேகக்கணி பெரிய நிறுவனங்களின் ஆடம்பரம் என்றேன். அலுவலகத்துக்கு வராமல் வேலை நடக்காது என்றேன். இப்போது பதினெட்டில் பதினொரு பேர் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபோது, இது கவிதை எழுதத்தான் லாயக்கு என்று குழுவினர் முன் சொன்னேன். ஆறு மாதத்தில் எல்லோருக்கும் சந்தா வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பேச்சை இன்னும் யாரும் மறக்கவில்லை.

பிப்ரவரி பில்லைக் கண்டுபிடித்த பெண்தான் இப்போது எங்கள் நிரல்களைச் சரிபார்க்கிறார். போன வாரம் ஒரு மாற்றத்துக்கு அவர் எழுதிய குறிப்பு: “இதை ஏஐ எழுதியதா? வருடக் கடைசியை யோசிக்கவே இல்லை.” எழுதியது நான். ராத்திரி உட்கார்ந்து, சொந்தக் கையால்.